கம்பியில் போன வெள்ளம்

முட்டத்து இஞ்ஞாசியின் மகள் வியாகுலம்மாளின் முகத்தைப் பார்க்காதவர்கள் தென் திருவிதாங்கூரில் எத்தனையோ ஆயிரம் பேர். ஆனால் அவள் குரலைக் கேட்காத பெரிய மனுஷன் ஒருத்தன்கூடக் கிடையாது. டெலிபோன் வைத்திருந்தவன்தானே அந்தக் காலத்தில் பெரிய மனுஷன். பெட்டியின் கைப்பிடியைச் சுற்றிவிட்டுக் காதில் வைத்தால் முதலில் வருவது, "நம்பர் சொல்லுங்க" என்கிற அவள் குரல். வக்கீலானாலும் பஸ் முதலாளியானாலும் அவளிடம் சொல்லித்தான் அடுத்த ஆளைப் பிடிக்க வேண்டும். எந்த ஊர் எக்ஸ்சேஞ்ச் என்று நான் சொல்லப்போவதில்லை. சொன்னால், "எங்க எக்ஸ்சேஞ்சுல அப்பிடி ஒண்ணும் நடக்கல்ல" என்று யாராவது வழக்குக்கு வருவார்கள். நாஞ்சில் நாட்டில் ஒரு டவுன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

1948-ல், பள்ளி இறுதி வகுப்பு முடித்த கையோடு அவள் அந்த வேலைக்கு வந்தாள். எக்ஸ்சேஞ்சின் சூபர்வைசர் பகவதியப்பன் வைத்த பரீட்சை விசித்திரமானது. வந்திருந்த ஏழு பெண்களையும் ஒவ்வொருவராக அடுத்த அறைக்கு அனுப்பிக் கதவைச் சாத்தி, ஒரு தாளில் இருந்த பேர்களை வாசிக்கச் சொன்னார். இந்தப் பக்கம் உட்கார்ந்து, காதில் விழுந்ததை எழுதிக்கொண்டார். மற்ற ஆறு பேரும் தொண்டை கிழியக் கத்தினார்கள். சுடலையாண்டி குடையாண்டி ஆனான், உலகம்மாள் உலக்கையம்மாள் ஆனாள். வியாகுலம்மாள் கத்தவில்லை. ஒவ்வொரு எழுத்தையும் தனித்தனியாக எடுத்து வைத்தாள். ஒரு பேர்கூடப் பிசகவில்லை. அதிலும் ழ ஒரு பக்கமும் ள ஒரு பக்கமுமாக, கதவைத் தாண்டி வேறு வேறாக வந்து சேர்ந்ததில்தான் பகவதியப்பன் விழுந்துவிட்டார்.

இது பள்ளிக்கூடம் சொல்லிக்கொடுத்ததல்ல. முட்டத்தில் பாறை மேல் நின்று, கரைக்கு வரும் அப்பனின் வள்ளத்தைக் கூப்பிட்டுப் பழகியவள் அவள். அங்கே கத்தினால் காரியம் ஆகாது, காற்று தின்றுவிடும். சொல்லை நீட்டி, இடைவெளி விட்டு, அலை ஓயும் நேரம் பார்த்து விட வேண்டும். வெளியூர்ப் பேச்சு போகும் டிரங்க் லைனின் இரைச்சலுக்கும் அதே வித்தைதான் தேவைப்பட்டது.

அவள் வந்தபோது முப்பது கனெக்ஷன், ஒரே ஒரு போர்டு. யாராவது கூப்பிட்டால் அவர் நம்பருக்கு மேல் ஒரு சின்னப் பித்தளை மூடி தட்டென்று விழும். இவள் கயிற்றைச் செருகிப் பேசி, கேட்ட நம்பரின் துளையில் மறுமுனையைச் செருகுவாள். இரண்டு வருஷத்தில் சமஸ்தானத்து டெலிபோன் இந்திய சர்க்கார் கைக்குப் போயிற்று. அப்புறம் வேலை மளமளவென்று நடந்தது. தெங்கம்புரையிடம் என்கிற தென்னந்தோப்புகளுக்குள்ளும் வயல்வரப்பிலும் கம்பங்கள் நட்டுக்கொண்டே போனார்கள். கருங்கல்லில் பொதுப் பேச்சு ஆபீஸ் வந்தது, திருவட்டாற்றில் வந்தது, கடைசியில் அவளுடைய முட்டத்திலேயே வந்தது. முப்பது அறுபதாகி, நூறாகி, இரண்டாவது போர்டும் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது. நூறு நம்பரும் அவளுக்கு மனப்பாடம். ஆனால் ஜனங்கள் எங்கே நம்பர் சொன்னார்கள்? "மக்கா, அந்த டாக்டரைக் குடு" என்பார்கள். எந்த டாக்டர் என்று அவள்தான் ஆளைப் பார்த்து, இல்லை, குரலைப் பார்த்துத் தீர்மானிக்க வேண்டும். பிரசவத்துக்கு அழைப்பவனின் குரலும் பல்வலிக்கு அழைப்பவனின் குரலும் ஒன்றா என்ன?

அவள் முட்டத்துக்காரி என்று தெரிந்ததும் டெலிபோனில் மீன்வாடை வருகிறது என்று கேலி பேசிய மேதாவிகளும் டவுனில் இருந்தார்கள். அவள் லீவு போட்ட நாளில், "அந்தப் பிள்ளை எங்க போச்சு? ஒரு எழவும் கேக்க மாட்டேங்கு" என்று பகவதியப்பனிடம் சண்டைக்கு வந்தவர்களும் அதே மேதாவிகள்தான். எனக்கு அந்த ஆட்களை நினைத்தால் இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது. அவளுக்கு வந்ததாகத் தெரியவில்லை. "நம்பர் சொல்லுங்க" என்பதில் ஒருநாளும் சுருதி குறைந்ததில்லை.

மேற்கே திருவனந்தபுரம் போகும் கம்பி ஒன்று, கணவாய் தாண்டிக் கிழக்கே போகும் கம்பி ஒன்று. கிழக்குக் கம்பியின் மறுமுனையில் இருந்தவர் சுந்தரராஜ் என்கிற ஆபரேட்டர். இருவரும் ஒருவரையொருவர் பார்த்ததே இல்லை. அவளுக்கு அவர் "கிழக்கு", அவருக்கு அவள் "மேற்கு". 1951-ல் ஒரு மத்தியானம், கோடை வெயிலில் தொண்டை வறண்டு அவள் சொன்னாள்:

"கிழக்கு, இத்திரி நில்லும். வெள்ளம் குடிச்சிட்டு வாறேன்."

மறுமுனையில் சுந்தரராஜ் கேட்டார்: "என்னத்தக் குடிக்கப் போறீய?"

"வெள்ளம்."

"வெள்ளத்தையா? முழுசாவா குடிப்பீய? எங்க ஊர்ல வெள்ளம் வந்தா ஆடு மாட்டோட வீட்டையும்லா இழுத்துட்டுப் போவும்."

அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. கணவாய்க்கு இந்தப் பக்கம் வெள்ளம் என்றால் குடிக்கிற தண்ணீர், குளிக்கிற தண்ணீர், வயலுக்குப் பாய்கிற தண்ணீர். அந்தப் பக்கம் வெள்ளம் என்றால் ஊரை அழிக்க வருவது. இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அந்த நேரம் பார்த்துத் தணிக்கைக்கு வந்த இன்ஸ்பெக்டர் பின்னால் நின்றிருந்தார். டிரங்க் லைனில் சொந்தப் பேச்சுப் பேசியதற்கு ஒரு மெமோ. அவளுடைய கோப்பில் முதல் கறை அதுதான். சுந்தரராஜுக்கு மட்டும் கேலி விடவில்லை. அப்புறமும் கம்பியில் வந்தால், "யாரு, வெள்ளமா?" என்றே கேட்பார்.

1956 நவம்பரில் நாஞ்சில் நாடு தமிழ்நாட்டோடு சேர்ந்தது. ஊரெல்லாம் வெடி, மிட்டாய். இனிமேல் நம் பாஷையில் மனு எழுதலாம், நம் பாஷை தெரிந்த ஆபீசரிடம் பேசலாம் என்று எல்லோருக்கும் நெஞ்சு நிமிர்ந்தது. சந்தோஷம் நியாயம்தான். ஆனால் நாம் பேசுகிற தமிழைக் கிழக்கே எத்தனை பேர் புரிந்துகொள்வார்கள் என்று அந்த ஆரவாரத்தில் யாரும் யோசிக்கவில்லை.

டெலிபோன் இலாகாவிலும் கோப்புகள் மூட்டை கட்டிக் கிழக்கே போயின. அதில் வியாகுலம்மாளுக்கு ஒரு பெரிய விஷயம் இருந்தது. எட்டு வருஷமாக அவள் தற்காலிக ஆபரேட்டர். வேலையை உறுதி செய்யும் பட்டியலில் அந்த மார்கழியில் அவள் பெயர் இருந்தது. பட்டியலோடு ஒரு குறிப்பும் இருந்தது: கோப்பில் இரண்டு மெமோ உள்ளவர்கள் உறுதி செய்யப்படமாட்டார்கள், விடுவிக்கப்படுவார்கள். அவளுக்கு ஒன்று இருந்தது. அப்பன் கடலுக்குப் போவது நின்றுபோய் மூன்று வருஷம். அம்மா வேளாங்கண்ணி இன்னும் மீன்கூடை சுமந்துகொண்டிருந்தாள். இரண்டு தங்கைகள் கான்வென்டில் படித்துக்கொண்டிருந்தார்கள். "மெமோ வாங்காம ஒரு மாசம் ஓட்டிரு மக்கா" என்று பகவதியப்பன் தினமும் காலையில் சொல்வார், குட்மார்னிங்குக்குப் பதிலாக.

அந்த மார்கழியில் ஒரு நாள், காலை பதினொரு மணிக்குக் கோலப்பன் வந்தார். கடைமடையில் நெல் வயல் உள்ளவர், ஊர்க்காரர்கள் சார்பில் பேச வந்திருந்தார். மழை ஏமாற்றிவிட்டது. அணையின் மதகும் அடைத்துக் கிடந்தது. தண்ணீர் விஷயம் இப்போது கிழக்கே ஒரு புது ஆபீசர் கையில். மூன்று மனு போட்டும் பதில் இல்லை. மனுக்கள் புது ஆபீசில் மேஜைக்கு மேஜை ஊர்ந்துகொண்டிருந்தன.

"மக்கா, அந்த ஆபீசரைப் பிடிச்சுத் தா" என்றார் கோலப்பன். "மாசியில அறுக்க வேண்டிய கும்பப்பூ பயிரு சூலு கட்டுகு. இன்னும் பத்து நாளு போனா வைக்கோலுகூடத் தேறாது."

எக்ஸ்சேஞ்சிலேயே கண்ணாடி வைத்த பேச்சுக் கூண்டு ஒன்று உண்டு. அதில் அவரை நிறுத்திவிட்டுக் கிழக்கைக் கூப்பிட்டாள். சுந்தரராஜ் ஆபீசரைப் பிடித்துக் கொடுத்தார். லைன் அன்றைக்கு மகா மோசம். கோலப்பன் போட்ட சத்தம் வெளியே பஸ் ஸ்டாண்டில் கேட்டது, ஆபீசருக்கு மட்டும் கேட்கவில்லை. "ஒன்றும் விளங்கவில்லை. ஆபரேட்டர், என்ன சொல்கிறார்?" என்றார் அவர்.

இப்படி நேர்ந்தால் ஆபரேட்டர் நடுவில் நின்று, இந்தப் பக்கம் சொன்னதை அந்தப் பக்கம் சொல்ல வேண்டும். அதற்கும் விதி உண்டு. சொன்னதைச் சொல்லலாம், சொந்தமாக ஒன்றும் சேர்க்கக் கூடாது.

"எங்க கடைமடையில வெள்ளம் இல்ல சாரே. அடியோட இல்ல" என்றார் கோலப்பன்.

"எங்கள் கடைமடையில் வெள்ளம் இல்லை. அடியோடு இல்லை" என்று எழுத்து எழுத்தாகச் சொன்னாள் வியாகுலம்மாள்.

அவள் குரல் இரைச்சலைத் தாண்டித் துல்லியமாகப் போய்ச் சேர்ந்தது. போகாமல் இருந்திருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும்.

"அப்பாடா" என்றார் ஆபீசர். அவர் முன்பு வேலை பார்த்த ஊரில் மார்கழி என்றால் குளம் உடைகிற காலம். புது இடத்தில் வயல் மூழ்கிக் கெட்ட பெயர் வந்துவிடக் கூடாதென்றுதான் மதகையே அடைக்கச் சொல்லியிருந்தார். "ரொம்ப நல்ல செய்தி. மதகு அடைத்தே இருக்கட்டும், கவலைப்பட வேண்டாம் என்று சொல்லுங்கள்."

அதைக் கோலப்பனிடம் சொல்ல வாயெடுத்தவள் நிறுத்திக்கொண்டாள். வயலுக்கு வெள்ளம் இல்லை என்றால் இந்த மனுஷன் ஏன் சந்தோஷப்படுகிறார்? ஐந்து வருஷத்துக்கு முந்தைய சுந்தரராஜின் சிரிப்பு காதில் கேட்டது. சுவர்க் கடிகாரப்படி பேச்சு தொடங்கி இரண்டு நிமிஷம் நாற்பது வினாடி ஆகியிருந்தது; ஒரு டிரங்க் அழைப்புக்கு மூன்று நிமிஷம்தான் கணக்கு. இன்னும் இருபது வினாடியில் மூன்று நிமிஷம் ஆயிற்று என்று சொல்லிக் கயிற்றை உருவிவிடலாம். ஒரு விதியும் மீறினதாகாது. நினைத்துப் பார்க்க நேரமில்லை என்று அவள் பிற்பாடு ஒருபோதும் சொல்லிக்கொள்ளவில்லை. இருபது வினாடி நிறைய நேரம். தங்கைகளை நினைத்தாள், அம்மாவின் கூடையை நினைத்தாள், கண்ணாடிக்குள் நின்ற கோலப்பனைப் பார்த்தாள். அவர் ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு பதிலுக்காக அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஐயா, மன்னிக்கணும். ஆபரேட்டர் பேசுகேன். எங்க ஊர்ல வெள்ளம்னா தண்ணி. அவர் வயலுக்குத் தண்ணி இல்லன்னு சொல்லுகார்."

மறுமுனையில் குரல் தடித்தது. "நீ யாரம்மா இடையில்? கூப்பிட்டவர் அப்படிச் சொல்லவில்லையே. அவரையே சொல்லச் சொல்."

அவள் கூண்டுப் பக்கம் திரும்பினாள். "ஐயா, தண்ணி இல்லன்னு சொல்லுங்கோ."

"அதத்தான மக்கா இவ்வளவு நேரமும் சொல்லுகேன். வெள்ளம் இல்லன்னு."

"வெள்ளம் வேண்டாம் ஐயா. தண்ணி."

"வெள்ளம் வேண்டாமா?" கோலப்பனுக்கு ரத்தம் தலைக்கேறியது. "ஏட்டி, உனக்குக் கோட்டி பிடிச்சிருக்கா? வெள்ளம் வேணும்னுதான் பஸ் ஏறி வந்திருக்கேன்."

வியாகுலம்மாள் ஹெட்செட்டைக் கழுத்துக்கு இறக்கிவிட்டு, கூண்டுக் கண்ணாடிக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோனாள். "ஐயா, என்னை நம்பி ஒரே ஒரு தடவ, தண்ணின்னு சொல்லும்."

அந்த முகத்தில் என்ன கண்டாரோ, கோலப்பன் அடங்கினார். யாரோ வாயில் மருந்து ஊற்றியதுபோல முகத்தைச் சுளித்துக்கொண்டு, மெதுவாக, "தண்ணி. தண்ணி இல்ல சாரே" என்றார். சத்தம் போடாமல் சொன்னதாலோ என்னவோ, அது நேராகவே போய்ச் சேர்ந்தது. ஆபீசருக்கு இப்போது விளங்கிவிட்டது. அன்றைக்கே மதகைத் திறக்க உத்தரவு போடுவதாகச் சொன்னார்.

கயிற்றை உருவியபோது நாலரை நிமிஷம் ஆகியிருந்தது. பகவதியப்பன் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தார். ஆனால் ஒருவரும் புகார் சொல்லாவிட்டால் விஷயம் அதோடு போயிற்று என்று இருவரும் நினைத்தார்கள்.

புகார் வரவில்லை. பாராட்டு வந்தது. அதுதான் வினை. அந்த ஆபீசர் நல்ல மனுஷர். டெலிபோன் இலாகாவுக்கு நன்றி தெரிவித்து ஒரு கடிதம் எழுதினார்: "தங்கள் ஆபரேட்டர் தக்க சமயத்தில் குறுக்கிட்டுப் பேசியதால் பெரும் பிழை தவிர்ந்தது." இலாகாவில் அதைப் படித்த குமாஸ்தாவுக்குக் கண்ணில் பட்டது ஒரே ஒரு சொல். குறுக்கிட்டு என்பதன் அடியில் சிவப்புப் பென்சிலால் கோடு போட்டு மேலே அனுப்பினான். இருபத்தெட்டாம் தேதி இன்ஸ்பெக்டர் ராஜமணி விசாரணைக்கு வருவதாகத் தகவல் வந்தது. டெலிபோனில் பேசியவரும் சாட்சிக்கு வர வேண்டும் என்று கோலப்பனுக்கு ஆள் போயிற்று.

"ஆபீசருக்குக் காதுல சரியா விழல்ல, கோலப்பன் சொன்னதத்தான் திருப்பிச் சொன்னேன்னு எழுதிக் குடு" என்றார் பகவதியப்பன். "நானும் கையெழுத்துப் போடுகேன்."

"நான் பேசினேன் சார். பேசல்லன்னு எப்பிடி எழுத?"

கிறிஸ்துமஸ் வந்தது. வீட்டில் அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பூசையில் முழங்காலில் நின்றபோது தன் வேலைக்காக வேண்டிக்கொள்ள நினைத்து, பாதியில் கோலப்பனின் வயலுக்குப் போய்விட்டாள். மதகு திறந்தாயிற்று என்று கேள்விப்பட்டிருந்தாள். தலைமடைக்காரர்கள் குடித்து மிச்சம் கடைமடைக்கு வந்து சேர்ந்ததா என்று தெரியவில்லை. சேராவிட்டால் வேலை போவதற்கு அர்த்தமே இல்லாமல் போய்விடும் என்று பயந்தாள்.

ராஜமணி கிழக்கத்தி மனுஷர். கடுகடுப்பானவர், அநியாயக்காரர் அல்ல. விதிப் புத்தகத்தை மேஜையில் வைத்துக்கொண்டு கேட்டார்.

"விதி என்னன்னு தெரியுமில்லையா?"

"தெரியும் சார். சொன்னதைச் சொல்லணும், சேர்க்கக் கூடாது."

"சேர்த்தீங்களா?"

"முதல்ல சொன்னதைத்தான் சொன்னேன் சார். அதுதான் தப்பாப் போச்சு. சொல்லு போய்ச் சேர்ந்துது, சேதி போய்ச் சேரல்ல."

ராஜமணி பேனாவால் மேஜையைத் தட்டினார். "இதை நான் எப்படி ஒத்துக்கிறது? வயலைப் பத்திப் பேசறப்ப எதைச் சொல்றாங்கன்னு பேச்சை வச்சே விளங்கிடுமே. ஒரு நிமிஷம் போனா அந்த ஆபீசரே புரிஞ்சிருப்பார். தமிழ் தெரிஞ்சவன் எவனும் இதுல தடுமாற மாட்டான். நீங்க நுழைஞ்சதுதான் தப்பு. இது இரண்டாவது மெமோன்னா என்ன ஆகும்னு உங்களுக்கே தெரியும்."

ராஜமணி தாளை இழுத்து எழுத ஆரம்பித்தார். வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. கோலப்பன் உள்ளே வந்தார். முழங்கால் வரை சேறு, கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"சாரே, நேரம் தவறிப்போச்சு, கோவிச்சுக்கிடாதேயும்" என்றார் மூச்சு வாங்க. "விடியக்காலம் எங்க ஊருக்கு வெள்ளம் வந்துட்டு. வயப்பத்து முழுக்க ஏறி நிக்கி. வீட்டுக்குக்கூடப் போகாம நேரா இஞ்ச ஓடி வாறேன்."

ராஜமணியின் கையிலிருந்த பேனா உருண்டு கீழே விழுந்தது. நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்துவிட்டார். "வெள்ளமா? எப்போ? ஜனங்களை மேட்டுக்கு ஏத்தியாச்சா? உயிர்ச்சேதம் ஏதாவது..."

கோலப்பன் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "ஆருக்குச் சேதம்? ஊரே வரப்புல நின்னு சிரிச்சிட்டுக் கிடக்கு."

பகவதியப்பன் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். அவர் தோள் குலுங்கியது. வியாகுலம்மாள் மட்டும் சிரிக்கவில்லை. தண்ணீர் கடைசி வயல் வரை போய்விட்டது என்பதே அவள் மனசில் ஓடிக்கொண்டிருந்தது. ராஜமணி மெல்ல உட்கார்ந்தார். கீழே குனிந்து பேனாவை எடுக்க ஒரு மனுஷனுக்கு எவ்வளவு நேரம் ஆகுமோ அதைவிட அதிக நேரம் எடுத்துக்கொண்டார். எழுதின தாளைக் கிழித்துவிட்டு வேறு தாளில் எழுதினார்: "விசாரித்தேன். ஆபரேட்டர் செய்தியைச் சரியாகச் சேர்ப்பித்திருக்கிறார். வேலையை உறுதி செய்யலாம்."

கையெழுத்துப் போட்டு, மூடியைத் திருகி, பேனாவைச் சட்டைப்பையில் வைத்தார். தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"அம்மா, குடிக்கக் கொஞ்சம் வெள்ளம் கொடுங்க" என்றார்.

அவள் பானைப் பக்கம் போனாள். டம்ளரை விளிம்பு வரை நிரப்பினாள். சிந்தாமல் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தாள்.